வைடால் பாசிட்டிவ், ஊசிக்கும் இறங்காத காய்ச்சல், மார்புக்கடியில் ஒரு கறுப்புப் புண்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் காட்டை ஒட்டிய கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 52 வயது. ஆடு மேய்க்கப் போவார், திரும்பும்போது புல்லுக்கட்டோ விறகோ சுமந்து வருவார். கார்த்திகை மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நாலாவது நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து வைடால் 1:160, டைபாய்டு என்றார்கள். ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டும் காய்ச்சல் அசையவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டர் அம்மாவின் இடது மார்புக்கு அடியில் கறுப்பாக ஒரு புண்ணைக் காட்டி, ‘ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல்’ என்றார். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாக ஏற்றி, மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரியே காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு வந்ததும், காய்ச்சல்தான் இல்லையே என்று அம்மா மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார். நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறது.

அந்தப் புண் இருந்தது அம்மாவுக்கே தெரியவில்லையே, எப்படி? டைபாய்டும் சேர்ந்து இருந்ததா? எங்கள் நாயின் காதெல்லாம் உண்ணி. அதிலிருந்துதான் வந்ததா, நாயை விரட்டிவிடலாமா? வீட்டைச் சுற்றி இருக்கும் புதரை எரித்துவிடலாமா? மறுபடியும் வருமா? பேறுகாலத்துக்கு வந்திருக்கும் தங்கைக்கு (ஏழாம் மாதம்) முந்தாநாளிலிருந்து காய்ச்சல். அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டதா? மிச்சம் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தங்கையை உடனே ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி உங்களுக்குத் தனியாகவும் தெரிவித்திருக்கிறோம். அவரைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் வாசிக்கக்கூடும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கர்ப்பிணிக்கு ஸ்க்ரப் டைஃபஸ் வந்து சிகிச்சை தள்ளிப்போனால் கரு கலையலாம், குறைப்பிரசவம் ஆகலாம், குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். தங்கைக்கு வந்திருப்பது அதுதானா என்று இரண்டாம் நாளில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று எல்லாம் தொடக்கத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும், ‘என்ன பண்ணுது?’ என்று அவர் கேட்பதற்குள் சொல்லிவிடுங்கள்: “இதே வீட்டில் எங்கம்மாவுக்கு இப்போதுதான் ஸ்க்ரப் டைஃபஸ் வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். இவளும் அதே கொல்லையில்தான் புழங்குகிறாள்.” எந்தப் பரிசோதனையைவிடவும் இந்த இரண்டு வரி அவருக்கு உதவும். அம்மாவின் டிஸ்சார்ஜ் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று. இதற்கான ஐஜிஎம் எலைசா ரத்தப் பரிசோதனை, உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அந்த எதிர்ப்பொருள் கண்ணில் படும் அளவுக்குச் சேர 5 முதல் 7 நாள் ஆகும். இரண்டாம் நாள் எடுத்து நெகட்டிவ் வந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை; அதை நம்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டாம். உடம்பில் புண் தென்பட்டாலோ சந்தேகம் வலுவாக இருந்தாலோ ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் முறை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 5 நாள் என்பது வழக்கமான அளவு. எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவரைப் பார்க்கும் டாக்டர். இதய நோய் ஏதும் இருந்தால் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரூஃபன் இரண்டும் கூடாது: ஏழாம் மாதக் குழந்தைக்கும் ஆகாது, ஒருவேளை டெங்குவாக இருந்தால் தாய்க்கும் ஆகாது.

அம்மாவின் மிச்ச மாத்திரை தங்கைக்கு வேண்டவே வேண்டாம். அது டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தவிர்க்கும் மருந்து. அதை முடிக்க வேண்டியவர் அம்மாதான், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டதா என்றால், இல்லை. ஸ்க்ரப் டைஃபஸ் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதே கிடையாது. தும்மல், எச்சில், ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே பாய், எதிலும் வராது. ஆனாலும் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வருவதுண்டு. இருவரும் ஒரே விறகுக் குவியல் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே வேலிப் புதர்மேல் துணி காயப்போட்டிருப்பார்கள். காரணம் மனிதரில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

இப்போது நாய். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று தமிழில் ஒரு பெயர் நிலைத்துப்போனது. அது பாவம் நாயின் தலையில் விடிகிறது. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் பார்க்கிறோமே, ரத்தம் குடித்துப் பட்டாணி போல உப்பியிருக்கும் உண்ணி, அது இந்த நோயைப் பரப்புவதில்லை. பரப்புவது வேறொரு பூச்சியின் குஞ்சு. நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், ஒரு கடுகின் அகலத்துக்குள் ஐந்தாறு வரிசையாக நிற்கும். ஆறு கால். புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, உரசிப் போகும் எலி மேலோ மனிதர் மேலோ ஏறிக்கொள்ளும். ரத்தம் குடிக்காது. எச்சிலால் தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து மண்ணுக்குள் போய்விடும். வளர்ந்த பூச்சிக்கு எட்டுக் கால். அது மண்ணிலேயே கிடந்து பூச்சி முட்டைகளைத் தின்று காலம் தள்ளும், மனிதரைத் தேடி வராது.

அப்படியானால், வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் விலங்கிடம் வாய் வைக்கும் குஞ்சுக்குக் கிருமி எங்கிருந்து கிடைத்தது? தாயிடமிருந்துதான், முட்டை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. எலி இந்தப் பூச்சிக்குச் சோறு போடுகிறது, இடம் விட்டு இடம் சுமந்தும் போகிறது. அதனால்தான் எலியை மட்டும் விஷம் வைத்துக் கொன்றால் நோய் ஒழிந்துவிடுவதில்லை. கிருமியின் பெயர் ஒரியன்சியா சுட்சுகாமுஷி. ஜப்பானிய மொழியில் சுட்சுகா என்றால் நோய், தீங்கு. முஷி என்றால் பூச்சி.

நாயை விரட்ட வேண்டாம். ஆனால் கால்நடை டாக்டரிடம் காட்டி உண்ணியை எடுத்துவிடுங்கள். நாயுண்ணியால் வரும் இன்னொரு டைஃபஸ் காய்ச்சல் நம் நாட்டில் உண்டு. அதில் உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் சிவப்புத் தடிப்பு வரும். அதற்கும் மருந்து டாக்சிசைக்ளின்தான்.

அம்மாவுக்கு டைபாய்டும் இருந்ததா? எனக்குத் தெரிந்தவரை உங்கள் கடிதத்தில் டைபாய்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. வைடாலும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனைதான். ஒரே ஒரு வைடால் 1:160 என்பது இந்த ஊர்களில் நல்ல உடம்போடு நடமாடுகிறவர்களிடமும் வரக்கூடிய எண். எப்போதோ டைபாய்டு வந்து போயிருந்தாலும் வரும், தடுப்பூசி போட்டிருந்தாலும் வரும், வேறு காய்ச்சலின்போதும் வரும். டைபாய்டை உறுதிசெய்ய, ஆன்டிபயாட்டிக் உள்ளே போவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 8 - 10 மில்லிலிட்டர் ரத்தம் தேவை. நம்மூரில் நடப்பது தலைகீழ்: முதலில் ஊசி, பிறகு வைடால், கல்ச்சர் பேச்சே இல்லை. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லைத் தாளில் பார்த்ததும் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வைடால் செய்யும் பெரிய கெடுதல் இதுதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். உண்மையான டைபாய்டுக்கும் செஃப்ட்ரியாக்சோன் போட்ட மறுநாளே காய்ச்சல் விட்டுவிடாது. நாலைந்து நாள் இழுக்கும். ஆகவே மூன்றாம் நாள் ‘இன்னும் பார்க்கலாம்’ என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதில் தப்பில்லை. ஐந்தாம் நாளும் காய்ச்சல் குறையாமல், கூடவே மூச்சும் வாங்கியபோது அந்தப் பெயர்ச்சீட்டைக் கிழித்துப்போட்டிருக்க வேண்டும்.

ஊசி ஏன் பலிக்கவில்லை? பென்சிலின் வகையும் செஃப்ட்ரியாக்சோன் வகையும் பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்து கொல்பவை. ஒரியன்சியாவுக்கு அந்தச் சுவர் பெயருக்குத்தான் இருக்கிறது. போதாததற்கு அது ரத்தத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை; ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஓடு பதித்ததுபோல வரிசையாக இருக்கும் செல்களுக்குள் புகுந்து குடித்தனம் நடத்துகிறது. சாதாரண ரத்தக் கல்ச்சரில் அது வளராததற்கும் காரணம் அதுதான், உயிருள்ள செல் வேண்டும். டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் செல்லுக்குள்ளேயே போய்க் கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. அந்த உட்புறச் செல்கள் வீங்கிக் கசிந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது அதனால்தான். சிறுநீரகம், கல்லீரல், மூளை எதையும் அது விட்டுவைப்பதில்லை. சரியான மருந்து இல்லாமல் முதல் வாரம் போய்விட்டால், இரண்டாவது வாரம்தான் ஆபத்து.

இரண்டு மருந்தையும் சேர்த்து ஏற்றியதற்குக் கணக்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில், தீவிர ஸ்க்ரப் டைஃபஸ் வந்த சுமார் 800 பேரிடம் செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் விடாத உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48, இரண்டும் பெற்றவர்களில் 33. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிக்கல்கள் சீக்கிரம் அடங்கின. சாதாரணமாக வரும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒரு மருந்தே போதும்.

அந்தக் கறுப்புப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் காய்ச்சலில் நோயாளியின் வீட்டாரே கண்டுபிடித்துக் கொடுக்கக்கூடிய ஒரே தடயம் அது.

குஞ்சு கடித்த இடத்தில் முதலில் ஒரு சின்னக் கொப்புளம். பிறகு நடுவில் தோல் செத்துக் கறுத்துப் பொருக்குத் தட்டும். காய்ச்சல் வரும் நேரத்தில் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருக்கும். பார்த்தால் பீடி நெருப்புச் சுட்ட தழும்பு என்றுதான் தோன்றும். வெளுத்த தோலில் சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம் தெரியும். நம் மாநிறத்தில் அது சரியாகத் தெரியாது. பொருக்கைச் சுற்றி மெல்லிய செதில் உரிந்திருப்பதுதான் அடையாளம். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஏதோ சிரங்கு என்று விட்டிருப்பார், மார்புக்கடியில் இருப்பதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டும் இருப்பார்.

தேட வேண்டிய இடங்களைக் குஞ்சின் வழியைப் பின்தொடர்ந்து நினைத்துப் பாருங்கள். காலிலோ கையிலோ ஏறியதும் அது கடித்துவிடாது. மெல்லிய, ஈரமான தோலைத் தேடி ஊர்ந்து மேலே வரும். துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் தடைபட்டு அங்கேயே வாய் வைக்கும். பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டும் இடுப்பு, மார்பின் அடிமடிப்பு, அக்குள். ஆண்களுக்கு அரைஞாண் கயிற்றடி, ஜட்டியின் எலாஸ்டிக் விளிம்பு, தொடையிடுக்கு, விதைப்பை. எல்லோருக்கும் முழங்கால் பின்மடிப்பு, புட்டத்தின் இடுக்கு, தொப்புள். குழந்தைகளுக்குக் காதின் பின்புறத்தையும் தலைமுடிக்குள்ளும் பார்க்க வேண்டும். அக்குள், விதைப்பை போன்ற ஈரமான இடத்தில் கறுப்புப் பொருக்கு உண்டாவதில்லை. பஞ்ச் வைத்து வெட்டியதுபோல ஓரம் தெளிந்த, மஞ்சள் படிந்த ஒரு சின்னக் குழிப்புண்ணாக இருக்கும். கறுப்பையே தேடிக்கொண்டிருந்தால் இதைத் தவறவிடுவீர்கள்.

பகல் வெளிச்சத்தில், இல்லாவிட்டால் செல்போன் டார்ச்சில், வீட்டில் ஒருவர் துணையோடு உடை தளர்த்தி ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். கழுத்தில், அக்குளில் அல்லது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை அலசுங்கள். புண் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். பொதுவாக ஒரே ஒரு புண்தான். கிடைத்தால் பொருக்கைப் பிய்க்கவோ மஞ்சள் பூசவோ வேண்டாம். படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்தப் பொருக்கையே பி.சி.ஆர். பரிசோதனைக்கு எடுப்பதுண்டு. தேடியும் எதுவும் கிடைக்கவில்லையா? அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நம் பகுதி நோயாளிகளில் புண்ணே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

பழைய லேப்களில் இன்னும் ‘வெயில்-ஃபீலிக்ஸ்’ என்ற பரிசோதனை செய்து ‘ஓஎக்ஸ்கே’ என்ற பத்தியில் ஒரு எண்ணைப் போட்டுத் தருவார்கள். (அந்த ‘கே’ கிங்ஸ்பரி என்பவரின் பெயர். 1920-களில் கோலாலம்பூருக்கு அவர் கொண்டுபோன ஒரு பாக்டீரியா வகைதான், மலாயாவின் தோட்டப்புறத்தில் பரவிய இந்தக் காய்ச்சலை நகரத்து டைஃபஸிலிருந்து பிரித்துக் காட்டியது.) விலை மலிவு, ஆனால் நோய் இருப்பவர்களில் பாதிப் பேரைக்கூட ஒழுங்காகப் பிடிக்காது. அது நெகட்டிவ் என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

அம்மாவின் மிச்ச மாத்திரைக்கு வருவோம். டாக்சிசைக்ளின் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, மொத்தம் 7 நாள். அம்மாவுக்கு மூன்று நாள் நரம்பில் ஏறியது என்றால் மீதி நாலு நாளுக்கு எட்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். நாலு மிச்சம் என்றால் இரண்டு நாள் மருந்து உள்ளே போகவில்லை. காய்ச்சல் விட்டதற்கு அர்த்தம் கிருமி அடங்கிவிட்டது என்பது மட்டும்தான். பாதியில் நிறுத்தியவர்களுக்குக் காய்ச்சல் திரும்புவதுண்டு. நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று உங்கள் டாக்டரிடம் சொல்லி, மிச்சத்தை முடிப்பதா, புதிதாகத் தொடங்குவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைச் சாப்பிடும் விதம் முக்கியம். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். இரண்டு நாளைக்கு எச்சில் விழுங்கக்கூட நெஞ்சு எரியும். அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஜெலூசில் போன்றவை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும் என்பதால் மருந்து முடியும்வரை ஆடு மேய்க்க வேறு யாராவது போகட்டும்.

சரியான மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட வேண்டும். அம்மாவுக்கு விட்டது, நோய் அதுதான் என்பதற்கு அதுவே பாதி சாட்சி. அப்படி விடாவிட்டால் மருந்தின் மேல் மருந்து சேர்ப்பதைவிட நோயின் பெயரை மறுபடி யோசிப்பது நல்லது.

புதரை எரிக்க வேண்டாம். மண்ணில் இருக்கும் பூச்சி தப்பிவிடும், எலிகள் இடம் மாறி வீட்டுக்குள் வரும், தீ எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வெயில் படவிடுங்கள். விறகைச் சுவரோடு சாத்தாமல் தள்ளி, கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். துணியைக் கொடியில் காயப்போடுங்கள், வேலிமேலும் புல்மேலும் வேண்டாம். மேய்ச்சலுக்குப் போனால் வெறும் புல்லில் உட்காராமல் ஒரு கோணியோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டுக்கொள்ளலாம். காலிலும் இடுப்புப் பட்டையிலும் ‘டீட்’ கலந்த கொசு விரட்டிக் களிம்பு பூசலாம், மூன்று நாலு மணிக்கு ஒரு முறை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது ஒன்று: வீடு திரும்பியதும் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நனையப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு நாரால் தேய்த்துக் குளிப்பது. குஞ்சு இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கழுவித் தள்ளிவிடலாம். அந்தச் சேலையோடேயே சமைத்துச் சாப்பிட்டு, அதோடேயே படுத்துவிட்டால் அதற்கு ஒரு ராத்திரி முழுக்க அவகாசம் கொடுக்கிறோம்.

மறுபடி வருமா? வரலாம். இந்தக் கிருமியில் பல ரகங்கள். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு இன்னொன்றைத் தடுப்பதில்லை, அதே ரகத்துக்கும் நீண்ட காலம் நிற்பதில்லை. தடுப்பூசி இன்னும் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். நம் பக்கம் மழை தொடங்கி மாசி வரைக்கும் இதன் காலம். ஐப்பசி முதல் தை வரை அதிகம். கடித்ததற்கும் காய்ச்சலுக்கும் இடையே 6 முதல் 21 நாள் இருக்கும் என்பதால், ‘நேற்றுக்கூடக் காட்டுக்குப் போகவில்லையே’ என்று யாராவது சொன்னால் அதை வைத்துத் தள்ளிவிட முடியாது. கடந்த மூன்று வாரத்தில் எங்கெல்லாம் போனார் என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் அசதி இருக்கும். புண் தானாக ஆறி லேசான தழும்பாக நிற்கும், களிம்பு தேவையில்லை. காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைந்ததோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த நோயில் அதுவும் உண்டு. மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். தங்கைக்கும் இதே கணக்குத்தான், அவருக்குக் கூடுதலாகக் குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே போக வேண்டும். ‘சரியாகிவிட்டதா பார்க்கலாம்’ என்று எலைசாவை மறுபடி எடுக்காதீர்கள். குணமான பிறகும் அது பல மாதம் பாசிட்டிவாகவே நிற்கும். இதனால்தான் அந்த டிஸ்சார்ஜ் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்: அடுத்த ஆடியிலோ ஆவணியிலோ அம்மாவுக்கு வேறு காய்ச்சல் வந்து, இந்தப் பரிசோதனை மறுபடி பாசிட்டிவ் காட்டினால், தாளில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் டாக்டர் அது பழையதா புதியதா என்று யோசிப்பார்.